தோளில் போட்டுக் காட்டிய பட்டு

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு அம்மாவிடம் "இல்லை" என்று சொல்லிவிட்டேன். அதற்காக என்னைக் கடை வாசலில், வெயிலில், மத்தியானச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் நிற்க வைத்தார்கள். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, என்னை உங்களுக்கு அதிகம் தெரியாது. போன மாதம் ஒரு கிழவனை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்களே, அந்தக் கிழவன்தான் நான். திண்டுக்கல் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறவனாகச் சேர்ந்தேன். விற்பனையாள் ஆனேன், மேனேஜர் ஆனேன், கடைசியில், ஒரு கடை மூன்றாகப் பெருகியபோது மூன்றுக்கும் ஜெனரல் மேனேஜராக இருந்து, ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு மைக்கைப் பிடித்தவர், "குடும்பத்துக்காகவே வாழ்ந்த மனிதர்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான்தான் எழுந்து "அப்படியெல்லாம் கிடையாதப்பா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பல்லை இளித்துக்கொண்டு கும்பிடு போட்டேன். அன்றிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

துணியை எப்படி விரிப்பது, எப்படி மடிப்பது என்பதையெல்லாம் உங்கள் சூப்பர்வைசர் சொல்லித் தருவார். அதற்கு நான் எதற்கு? வேறொன்றைச் சொல்கிறேன்.

அந்த மூன்றாம் நாள் வந்த அம்மாள் அகரத்துக்காரர். அரக்கு நிறத்தில் கட்டம் போட்ட சேலை வேண்டும் என்றார். அலமாரியைப் பார்த்தேன். அரக்கு இருந்தது, கட்டம் இருந்தது, இரண்டும் சேர்ந்து இல்லை. "இல்லைங்கம்மா" என்றேன். அந்த அம்மாள் எழுந்து போய்விட்டார். முதலாளி கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். ஐம்பதுகளின் தொடக்கம் அது. முதலாளி என்றால் சாமி மாதிரி. கை ஓங்குவார் என்று நினைத்தேன், ஓங்கவில்லை.

"ஏலே, இந்தக் கடையில 'இல்ல'ங்கிற சொல்லே கெடையாது. அந்தச் சொல்லச் சொன்னா லச்சுமி எந்திரிச்சுப் போயிரும். 'வரும்'னு சொல்லு. சொல்லிட்டு வர வையி. அம்புட்டுத்தேன் யாவாரம்."

இது எங்கள் முதலாளி கண்டுபிடித்த சட்டமில்லை. அன்றைக்குக் கடைவீதியில் எல்லாக் கடைக்கும் இதே சட்டம்தான். அரிசிக் கடையில் மூட்டை தீர்ந்திருந்தாலும் "நெறைய இருக்கு, நாளைக்கு வாங்க" என்பார்கள். எண்ணெய்க் கடையிலும் அப்படித்தான். நான் வெயிலில் நின்று அதைப் படித்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே படித்ததைக் காட்டச் சந்தர்ப்பம் வந்தது. ஒரு விவசாயி, மறுநாள் மகளுக்கு நிச்சயம், வாடாமல்லி நிறத்தில் சேலை கேட்டார். கடையில் ஒன்றுகூடக் கிடையாது. "வருதுங்க, நாலு மணிக்கு இருக்கும்" என்று அடித்துவிட்டேன். அவர் சந்தைக்குப் போனார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சின்னாளபட்டிக்குப் பறந்தேன். நாலைந்து நெசவுக்காரர் வீடுகளில் ஏறி இறங்கி, ஒரு வீட்டில் அப்போதுதான் தறியிலிருந்து அறுத்த சேலையை வாங்கிக்கொண்டு, மூன்றே முக்காலுக்கு வியர்வை சொட்டச் சொட்டக் கடைக்குள் நுழைந்தேன். விவசாயி சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.  மறுநாளே முதலாளி என்னைப் பட்டு விற்கிற மேடைக்கு மாற்றினார். அந்த மேடையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து முகூர்த்தப் புடவை எடுத்துப் போடுவதற்கு மற்றவர்கள் எட்டு வருஷம் காத்திருப்பார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் எதுவுமே "இல்லை" கிடையாது, எல்லாமே "வரும்" என்று நிஜமாகவே நம்ப ஆரம்பித்தேன். "அப்புறம் வாரோம்" என்று எழுந்து போகிறவரைத் தெருமுனை வரை போய்த் திருப்பிக் கூட்டி வந்துவிடுவேன். அந்தத் திமிரில்தான் நாசமாய்ப் போனேன்.

எனக்கு ஒரே தங்கை, காமாட்சி. அப்பா காலமாகும்போது அவளுக்குப் பத்து வயது. அம்மாவும் நானும் அவளும்தான் வீடு. அவளுக்கு ஒரு நல்ல இடம் பார்த்துக் கொடுத்த பிறகுதான் எனக்குக் கல்யாணம் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த நினைப்பைத் தவிர வேறொன்றும் எனக்குள் இருந்ததில்லை, இதையாவது நம்புங்கள்.

ஐம்பதுகளின் பின்பாதியில் ஒரு வைகாசி மாதம், கொடைரோட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தானிய வியாபாரம், மாடி வீடு, ஒரே பையன். கேசரி சாப்பிட்டார்கள், காமாட்சி வந்து விழுந்து கும்பிட்டாள். "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்" என்று கிளம்பினார்கள். கடுதாசிக்கு நான் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தேன்.

ஆனி மாதம் ஒரு கார்டு வந்தது. பட்டு மேடையில் இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும்போது தபால்காரர் கையில் கொடுத்தார். "தற்சமயம் எங்களுக்குச் சௌகரியப்படவில்லை. தாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளவும்." அவ்வளவுதான். பெண்ணைப் பெற்றவர்கள் யாருக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். வேண்டாம் என்று அர்த்தம்.

ஆனால் நான் விற்பனையாள் ஆயிற்றே! "தற்சமயம்" என்றால் என்ன? "அப்புறம் வாரோம்" என்று எழுந்து போகிறவர் சொல்கிறது அல்லவா? அப்படிப்பட்ட எத்தனை பேரைத் திருப்பியிருக்கிறேன்! கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விரித்த புடவையின் முந்தானையைக் காட்டப் போய்விட்டேன். சாயங்காலம் அம்மா கேட்டாள்.

"என்னப்பு, கொடைரோட்டுலேருந்து தகவல் உண்டா?"

"வரும்மா. ஆடி பொறக்கப் போகுதுல்ல, ஆடி கழிச்சுத்தேன் பேசுவாக."

கடையில் சொல்லிப் பழகிய நாக்கு. கொஞ்சங்கூடத் தடுக்கவில்லை.

என் வாராந்திர லீவு நாளில் பாசஞ்சர் ரயிலேறிக் கொடைரோடு போனேன். பையனின் அப்பா கடையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் மோர் வரவழைத்துக் கொடுத்தார். தங்கையின் குணத்தைச் சொன்னேன், கைவேலையைச் சொன்னேன். அவரும் வியாபாரி. அவர் வாயிலும் "இல்லை" வராது. "பாப்பம் தம்பி, நேரம் வரட்டும்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆடியில் இரண்டு தடவை, ஆவணியில் ஒரு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் மோர், ஒவ்வொரு தடவையும் "பாப்பம் தம்பி." நான் அவரை மசிய வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவர் என்னைச் சங்கடமில்லாமல் அனுப்பி வைத்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் அதைத்தானே வீட்டில் செய்துகொண்டிருந்தேன்?

ஏன் மறுத்தார்கள் என்று மட்டும் நானே ஒரு காரணம் கற்பித்து வைத்திருந்தேன். காமாட்சி கொஞ்சம் கறுப்பு. அதுதான், வேறொன்றுமில்லை, பேசினால் சரியாகிவிடும் என்று.

ஆவணி நடுவில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையன் தொடக்கப் பள்ளி வாத்தியார். அவரும் அண்ணனும் அண்ணியும். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, "சும்மா பாத்துட்டுப் போறோம்" என்று வந்திருந்தார்கள். அம்மா கடைக்கு ஆள் அனுப்பினாள். முதலாளியிடம் அரை மணி நேரம் லீவு கேட்டுக்கொண்டு ஓடினேன். காமாட்சியை அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க இப்பவே பூ வச்சிட்டுப் போகவும் தயாருதேன். ஒங்க வார்த்தைதேன் பாக்கி" என்றாள்.

காமாட்சி காலி டம்ளர்களோடு உள்ளே போனாள். அம்மா என்னையும் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"ஏலே, எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். கொடைரோட்டுக்காரக என்னதேன் சொல்றாக? அங்க ஒரு பேச்சு நிக்கையில இங்க வாக்குக் குடுக்கப்படாது. அது தெய்வக் குத்தம். அவுக வேணாம்னா வேணாம்னு சொல்லு, இவுகளுக்குத் தாம்பாளத்த எடுக்குறேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒரு வீட்டுக்காரர் பதில் சொல்லாமல் இருக்கிற வரை, அந்தப் பெண்ணை இன்னொரு வீட்டுக்குப் பேசி முடிக்கமாட்டார்கள். அப்படி முடித்தால் பெண்ணைப் பற்றித்தான் பேச்சு வரும். அம்மா அதில் கண்டிப்பு.

பிள்ளைகளே, பட்டு மேடையில் எத்தனையோ இக்கட்டில் நின்றிருக்கிறேன். கல்யாண வீட்டார் இரண்டு கட்சியாகப் பிரிந்து மேடையிலேயே சண்டை போட்டதைச் சமாளித்திருக்கிறேன். ஆனால் அந்தச் சமையலறையில் எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். "வேணாம்னுட்டாகம்மா" என்றால் முடிந்தது. அதைச் சொன்னால், இரண்டு மாதமாக ஏன் மறைத்தாய் என்று கேட்பாள். அது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கம் கெட்டுப் போனவனுக்கு என்ன மறைப்பு? வாத்தியாரின் வேட்டியைப் பார்த்தேன். வெளுத்த நாலு முழ மல் வேட்டி. ஆளைப் பார்த்துத் துணி எடுத்துப் போடுகிற புத்தி, என் தங்கைக்குக் கொடைரோட்டு மாடி வீடுதான் சரி என்றது.

"வரும்மா. இந்த வாரத்துல வந்துரும். நான் பேசிக்கிட்டுத்தேன் இருக்கேன்."

அம்மா வெளியே போய் வாத்தியார் வீட்டாரைக் கையெடுத்துக் கும்பிட்டு, கொஞ்ச நாள் பொறுங்கள் என்றாள். அவர்கள் ஆவணி கடைசி முகூர்த்தம் வரை பொறுத்தார்கள். அதற்குள் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டார்கள். இரண்டு தடவையும் அம்மா என்னைக் கேட்டாள். இரண்டு தடவையும் நான் "வரும்" என்றேன். ஐப்பசியில் அந்த வாத்தியாருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

தை மாதம் கடையில் நிற்க இடமிருக்காது. மேடையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறேன், கொடைரோட்டுக் குடும்பம் மொத்தமாக உள்ளே வருகிறது. தகப்பனார், அவர் சம்சாரம், பையன், கூட நாலு உறவுக்காரர்கள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கல்யாணக் கூட்டம் நடக்கிற நடையே வேறு.

அவர் என் முன்னால் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மகனுக்குப் பேசி முடிச்சிருக்கு தம்பி. முகூர்த்தப் பட்டு எடுக்கணும். நீங்களே ராசியாப் பாத்து எடுத்துப் போடுங்க."

ராசி! எடுத்துப் போட்டேன். வேறென்ன செய்வேன்? கை தானாக வேலை செய்தது. அந்த அம்மாவுக்கு எதிலும் மனசு நிற்கவில்லை. விரித்து விரித்து மேடையெல்லாம் பட்டு மலை. அந்த நேரத்தில்தான் காமாட்சி உள்ளே வந்தாள். தினமும் அம்மாதான் எனக்குச் சோறு கொண்டுவருவாள். அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். தூக்குச்சட்டியில் சோறும், ஒரு கிண்ணத்தில் வெஞ்சனமும் எடுத்துக்கொண்டு அவளே வந்திருந்தாள். கூட்டத்தை விலக்கி மேடையோரம் வந்து நின்றவள், பையனைப் பார்த்தாள். அப்புறம் தகப்பனாரை. அப்புறம் விரித்துக் கிடந்த பட்டுகளை. கடைசியாக என்னை.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். தகப்பனார் விட்டத்தைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு மட்டும் அடையாளம் தெரியவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், தலை நிமிராமல் வந்து கும்பிட்டுவிட்டுப் போன ஒரு பெண்ணின் முகம் எப்படி ஞாபகம் இருக்கும்? அதன் பிறகு எத்தனை வீட்டில் எத்தனை பெண்ணைப் பார்த்தார்களோ. கையிலிருந்த மாம்பழ நிறப் பட்டைத் தூக்கிக் காட்டி அவர் சொன்னார்:

"ஏம்மா, செத்த இதத் தோளுல போட்டுக் காட்டேன், தாயி. எங்க மருமகளும் ஒன் நெறந்தேன். எடுப்பா இருக்குமான்னு பாத்துக்கிறேன்."

அப்போ நிறமும் இல்லை. நான் கற்பித்து வைத்திருந்த காரணமும் இல்லை.

அந்த இடத்தில் ஒரு அண்ணன் என்ன செய்திருக்க வேண்டும்? "அவ என் தங்கச்சி, அவ போட்டுக் காட்ட மாட்டா" என்று சொல்லியிருக்க வேண்டும். முதலாளி கல்லாவில் இருந்தார். கல்யாணக் கூட்டம், பெரிய வியாபாரம். வாடிக்கையாளர் கேட்கிறார். என் வாயில் "மாட்டாள்" வரவில்லை. நான் எழுந்தேன். மேடையிலிருந்து இறங்கினேன். பட்டை வாங்கி, மடிப்பு எடுத்து, என் கையாலேயே என் தங்கையின் தோளில் போட்டேன். முந்தானை தெரிகிற மாதிரி நீவியும் விட்டேன். அவள் இரண்டு கையிலும் என் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"நல்லாருக்கு, இதையே கட்டிருங்க" என்றார் அந்த அம்மா.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனபோது காமாட்சி அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அவுக வேணாம்னது ஒங்களுக்கு எப்பண்ணே தெரியும்?"

"ஆனியில."

அவள் ஆவணியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சியை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இடங்கள் வந்தன, போயின. கொடைரோட்டுக்காரர்கள் வேண்டாம் என்றதும், வாத்தியார் வீட்டைக் காக்க வைத்ததும் ஊருக்குள் வேறு மாதிரிப் பரவியிருந்தது. பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று பேச்சு. "இரண்டு இடம் தட்டிப்போன பொண்ணு" என்று என் காதுபடவே சொன்னார்கள். அம்மா அந்தக் கவலையிலேயே படுத்துப் போய்ச் சேர்ந்தாள். அம்மா சாகிறதற்கு முன்பே, காமாட்சிதான் என்னைக் கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்துகொள்ள வைத்தாள். என் பிள்ளைகள் இரண்டையும் அவள்தான் குளிப்பாட்டி, சோறூட்டி, கைபிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் வளர்த்தாள். குடும்பத்துக்காக வாழ்ந்தது யாரென்று இப்போதாவது தெரிகிறதா?

கடையில் நான் மேலே மேலே போய்க்கொண்டிருந்தேன். இடையில் ஒரு நாள் ஒருவர் கேட்ட துணிக்கு "இல்லைங்க, எங்ககிட்ட இல்லை, எதிர்த்த கடையில இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என்னை என்ன செய்ய முடியும்? அந்தச் சொல் எனக்கு வாயில் வந்தபோது, அதை யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவளுக்கு அது உதவாமல் போய்விட்டது. ஆனாலும் உங்களுக்குச் சொல்கிறேன். சின்னாளபட்டியிலிருந்து சேலையை வரவழைக்கலாம். மனுசர் மனசை வரவழைக்க முடியாது. இல்லாததை இல்லை என்று சொல்லுங்கள். சொன்னால் போகிறவர் வேறு கடைக்காவது நேரத்தோடு போவார்.

அறுபதுகளின் நடுவில் என்னை மேனேஜராக்கினார்கள். அந்தத் தீபாவளிக்குக் காமாட்சிக்கென்று கடையிலிருந்து ஐந்து புடவை எடுத்துப் போனேன். அதுவரை வருஷா வருஷம் நானே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவேன், கட்டிக்கொள்வாள். இந்தத் தடவை அவளே எடுக்கட்டும் என்று ஆசை. ஐந்தையும் பாயில் விரித்தேன்.

"இதுல ஒனக்கு எது புடிச்சிருக்கு?"

"எதுன்னாலும் சரிண்ணே."

"அதென்ன எதுன்னாலும்? பாத்துச் சொல்லு."

"எதுன்னாலும் சரித்தேன்."

எனக்கு முணுக்கென்று கோபம் வந்துவிட்டது. மேனேஜர் கோபம். "எப்பக் கேட்டாலும் இதே பதிலுதானா? மனுசன் ஆசையாக் கேட்டா வாயத் தொறந்து ஒண்ணச் சொல்ல மாட்டியா?" என்று கத்தினேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எப்பண்ணே கேட்டீக? இன்னைக்குத்தான மொதத் தடவ கேக்குறீக."

விரித்த புடவை ஒன்றை நான் மடிக்க ஆரம்பித்தேன்.

"ரெட்டியார்சத்திரத்துக்காரக வந்தன்னைக்கு நானும் அந்த அடுப்புக்கிட்டதேன் நின்னேன். அம்மா ஒங்களக் கேட்டா, நீங்க அம்மாவுக்குச் சொன்னீக. எனக்கு அந்த வாத்தியாரப் புடிச்சிருந்துச்சுண்ணே. ஒருவாட்டி என்னையத் திரும்பிப் பாத்திருந்தீகன்னா தலையாட்டியிருப்பேன்."

சொல்லிவிட்டு, மேலாகக் கிடந்த புடவையை எடுத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடப் போனாள்.